நீலத்திரையும் நமது தீர்ப்பும்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், "யார் கெடுத்தது?" என்பதே நம் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி. எது கெட்டது, எப்போது கெட்டது என்ற கேள்விகள் பின்னரே வருகின்றன. சில வீடுகளில் அவை வருவதே இல்லை. கடிகாரம் நின்றால் கடைசியாகச் சாவி கொடுத்தவன் குற்றவாளி. மாவரைக்கும் இயந்திரம் ஓடாவிட்டால் அன்று காலையில் அதைத் தொட்டவள் குற்றவாளி. நாமும் இந்த வழக்கத்திற்கு விலக்கானவர் அல்லர் என்பதை, 2019-ஆம் ஆண்டு கோடையில் ஒரு கணிப்பொறி நமக்கு உணர்த்தியது. அந்த அனுபவத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது, கணிப்பொறி உள்ள இல்லங்களுக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கும் ஒருசேரப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

நம் தங்கையின் குடும்பம் தூத்துக்குடியில் வாழ்கிறது. அவள் கணவர் சரக்குக் கப்பலில் பணிபுரிபவர். ஆண்டில் எட்டு, ஒன்பது மாதங்கள் கடலிலேயே கழியும். கப்பல் ஏதேனும் ஒரு துறைமுகத்தைச் சேரும்போதுதான், மனைவி மக்களின் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு வாய்ப்பு. அந்தப் பேச்சுக்காகவே 2015-இல் ஒரு மேசைக் கணிப்பொறியை வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தார்கள். மகன் பத்தாம் வகுப்பு. மகள் ஐந்தாம் வகுப்பு.

2019 ஜனவரி இறுதியில் தங்கை நம்மைத் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, அவுக பேசிக்கிட்டு இருக்கும்போதே திரை நீலமாப் போயி நின்னுடுது. இது மூணாவது தடவை. இவன் ஏதோ விளையாட்டை அதுல போட்டு வச்சிருக்கான்" என்று குரல் தழுதழுக்கக் கூறினாள். கணவரின் முகத்தைக் காண இரண்டு வாரம் காத்திருந்து, நான்கே நிமிடத்தில் திரை நீலமாகிப்போனால் எந்தப் பெண்ணுக்கும் துயரம் வரத்தான் செய்யும். அதுவும் மகனுக்கு மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு. தேர்வுக்குப் படிக்க வேண்டிய பையன் விளையாட்டை ஏற்றி இயந்திரத்தையும் கெடுத்தான் என்றால், வேறு விசாரணை எதற்கு? நாம் அங்கேயே, தொலைபேசியிலேயே, தீர்ப்பு வழங்கிவிட்டோம். கணிப்பொறியை முழுவதும் அழித்துப் புதிதாக மென்பொருள் ஏற்ற வேண்டும்; தேர்வு முடியும்வரை பையன் அதைத் தொடக்கூடாது.

அப்போது பையன் தொலைபேசியை வாங்கி, "சாமி மாமா, அழிக்கிறதுக்கு முன்னால என்னோட கோப்புகளை மட்டும் எடுத்து வச்சுக்கிறேன்" என்று கேட்டான். விளையாட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்கிறான் என்று நாம் கருதினோம். "ஒன்றும் எடுக்க வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னோம். தெருமுனையிலிருந்து ஒரு தொழிலாளர் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்துப் போனார்.

நான்காம் நாள் நீலத்திரை மீண்டும் வந்தது.

அறிவுள்ளவர் எவரும் அந்த இடத்திலேயே தம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றிருப்பார். விளையாட்டு போயிற்று, நோய் போகவில்லை. ஆகவே நோய்க்குக் காரணம் விளையாட்டன்று. இது எளிய கணக்கு. ஆனால் நாமோ, "அவன் இரவில் எழுந்து மறுபடியும் ஏற்றியிருப்பான்" என்று சொன்னோம். ஒருமுறை ஒருவரைக் குற்றவாளி என்று வகுத்துவிட்டால், எதிர்ச் சான்றையும் அவருக்கு எதிரான சான்றாகவே மாற்றிக்கொள்ளும் திறமை மனித உள்ளத்திற்கு உண்டு.

மே மாதத்தில் பத்து நாள் ஓய்வுக்காகத் தங்கை வீட்டுக்குச் சென்றோம். பையன் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தான். ஆனால் நம்மைக் கண்டதும் வணங்கிவிட்டு விலகிச் சென்றான். முன்பெல்லாம் நம் பையை வாங்கிக்கொண்டு வாசலிலிருந்தே பேச்சைத் தொடங்குபவன் அவன். பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பிரிவில் சேர விரும்புகிறான் என்றும், அதனால் அவன் இன்னும் கெட்டுப்போவானோ என்று தான் அஞ்சுவதாகவும், வணிகவியலில் சேர்த்துவிடலாமா என்றும் தங்கை கேட்டாள். "அண்ணன் சொன்னாச் சரி" என்றாள். நாமும் "வணிகவியலே நல்லது" என்றோம். மறுநாள் திங்கட்கிழமை, வார இறுதிக்குள் பள்ளியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

அன்று இரவு, வீட்டில் அனைவரும் உறங்கிய பின்னர், கூடத்தில் அமர்ந்து ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். பாதியில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், யாரும் தொடாத கணிப்பொறி நீலமாக நின்றது. சோகமுகம் ஒன்றும், ஆங்கில வாசகம் ஒன்றும், மெல்ல ஏறும் விழுக்காட்டு எண்ணும் அதில் தெரிந்தன. அப்போதுதான் நமக்கு ஓர் ஐயம் பிறந்தது. பையன் மாடியில் உறங்குகிறான். விளையாட்டு எதுவும் அதில் இல்லை. நாம் தட்டச்சு செய்த கடிதமா கணிப்பொறியைக் கெடுத்தது?

இந்த நீலத்திரையைப் பற்றி அன்பர்கள் சற்றே அறிந்துகொள்வது நலம். அது நோயன்று, நோயின் அறிகுறி. கணிப்பொறியின் அடிப்படை மென்பொருள், தன் உள்ளகப் பணியில் தீராத முரண்பாடு ஒன்றைக் கண்டால், தவறான செய்தியை வன்தட்டில் எழுதிக் கோப்புகளைப் பாழாக்குவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நிற்பதற்கு முன்னர், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்தவற்றை ஒரு கோப்பாக எழுதிவைக்கிறது. ஏறும் விழுக்காடு அதைத்தான் காட்டுகிறது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. பதிப்பிலேயே இத்தகைய நீலத்திரை இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதில் சோகமுகத்தைச் சேர்த்தது. 2025-ஆம் ஆண்டில் விண்டோஸ் 11-இல் அதன் நிறத்தையே கருப்பாக மாற்றிவிட்டார்கள். நிறம் எதுவாயினும் அதன் அடியில் எழுதியிருக்கும் காரணக் குறியே முக்கியம். அதைப் படிக்காமல் அணைத்துவிடுவது, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படிக்காமல் கிழித்தெறிவதைப் போன்றதாகும்.

மறுநாள் காலை, மருமகளான சிறுமியை அழைத்து ஒரு பள்ளி நோட்டை எடுத்துவரச் சொன்னோம். நீலத்திரை வரும்போதெல்லாம் நாள், நேரம், அப்போது என்ன வேலை நடந்தது, கீழே என்ன குறி எழுதியிருந்தது என்ற நான்கையும் எழுதும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தோம். அவள் அதை மிகுந்த பெருமையோடு ஏற்றாள். இரண்டு நாளில் நான்கு பதிவுகள் சேர்ந்தன. ஒன்றில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றும், ஒன்றில் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்றும், ஒன்றில் 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்குவல்' என்றும் இருந்தது. நான்காவதில் முதல் குறியே மீண்டும் வந்தது. வேலையோ ஒவ்வொரு முறையும் வெவ்வேறு. ஒருமுறை பாட்டு, ஒருமுறை தட்டச்சு, இருமுறை எதுவுமே இல்லை.

கணிப்பொறிப் பணி அறிந்த நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினோம். அவர் சொன்ன விளக்கம் தெளிவானது. ஒரே குறி, ஒரே வேலையின்போது திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் ஒரு மென்பொருளையோ, அச்சுப்பொறி போன்ற கருவிகளை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரலையோ ஐயுற வேண்டும். வெவ்வேறு குறிகள், எந்த ஒழுங்கும் இன்றி, சும்மா இருக்கும்போதும் வந்தால், இயந்திரத்தின் உறுப்புகளையே முதலில் ஐயுற வேண்டும். நினைவகம், வெப்பம், மின்வழங்கி, வன்தட்டு ஆகியவை அந்த வரிசையில் வரும். பின்னாளில் 2024 ஜூலை 19 அன்று, கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையில் விழுந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. அது மென்பொருளால் வந்த கேடு. பழுதான கோப்பு ஒன்றை நீக்கியதும் அவை எழுந்தன. தங்கை வீட்டுக் கேடு அவ்வகையினதன்று.

நண்பர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன்னால் கணிப்பொறியில் என்ன மாற்றினீர்கள்?"

"விளையாட்டு" என்று சொல்ல வாய் திறந்தோம். ஆனால், தொல்லை எப்போது தொடங்கியது என்பது நமக்குத் தெரியுமா? பிப்ரவரியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டதால், கணிப்பொறி தானே எழுதிவைத்திருந்த பழைய பதிவுகளும் அழிந்துபோயின. நாமே சான்றை எரித்துவிட்டு நீதி தேடிக்கொண்டிருந்தோம்.

சான்று அடுப்படியில் தொங்கியது. தங்கை தன் கணவர் பேசிய நாள்களையெல்லாம் மாதக் காலண்டரில் வட்டமிடும் வழக்கமுடையவள். பேச்சு பாதியில் அறுந்த நாளுக்கு வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட உதவும் என்று, 2018-ஆம் ஆண்டுக் காலண்டரையும் அதே ஆணியில் புதியதன் பின்னால் மாட்டி வைத்திருந்தாள். இரண்டையும் இறக்கி மேசைமீது விரித்தோம். செப்டம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை வட்டங்கள் மட்டுமே இருந்தன. முதல் பெருக்கல் குறி டிசம்பர் 30.

"அண்ணன் விளையாட்டை எப்போது போட்டான்?" என்று சிறுமியைக் கேட்டோம். "பொங்கல் லீவுல. அவன் கூடப் படிக்கிற அண்ணன் கரும்பு கொண்டுவந்தாங்கல்ல, அன்னைக்கு" என்றாள். தங்கையும் யோசித்துப் பார்த்து, "ஆமாண்ணே, பொங்கலுக்கு மறுநாள்தான்" என்றாள். அப்படியானால் நோய் தொடங்கிப் பதினேழு நாள் கழித்தே விளையாட்டு வந்திருக்கிறது.

"டிசம்பர் 30-க்கு முன்னால் இதில் வேறு என்ன மாற்றினீர்கள்?"

தங்கை நம்மை ஒருவிதமாகப் பார்த்தாள். "நீங்கதானண்ணே, கிறிஸ்மஸுக்கு வந்தப்போ, மெசின் மெதுவா ஓடுதுன்னு மெமரி வாங்கி மாட்டிக் கொடுத்தீங்க!"

நமக்கு உள்ளங்கால் முதல் குளிர்ந்தது. உண்மைதான். நான்கு ஜி.பி. கொண்ட நினைவகத் துண்டு ஒன்றை நாமே வாங்கிவந்து, டிசம்பர் 24 அன்று, ஏற்கெனவே இருந்த துண்டின் பக்கத்தில் செருகி, "இனிமேல் குதிரைபோல ஓடும்" என்று வாழ்த்தும் சொன்னோம். அதை அறவே மறந்துபோனோம். பிறர் செய்ததை நாள் கிழமையோடு நினைவில் வைத்திருந்த நாம், நாம் செய்ததை நினைவில் வைக்கவில்லை.

எனினும் ஒரு முறை அவசரப்பட்டதே போதும். இம்முறை சோதித்தே தீர்ப்பு என்று உறுதி கொண்டோம். விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. தொடக்கப் பட்டியலில் 'மெமரி' என்று தட்டினால் அது தென்படும். அதைத் தேர்ந்தெடுத்தால் கணிப்பொறி தன்னை அணைத்து எழுப்பிக்கொண்டு, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எதையேனும் எழுதி, எழுதியதே திரும்ப வருகிறதா என்று பார்க்கிறது. அரை மணி நேரத்தில், உறுப்பில் பழுது கண்டதாக அறிவித்தது.

அடுத்து, இரண்டு துண்டுகளில் பழுது எதில் என்று காண வேண்டும். மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவினோம். எஞ்சிய மின்சாரம் தீர, தொடங்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைத்தோம். கடற்காற்று உலோகத்தை அரிக்கும் ஊர் அது. ஆதலால் முதலில் இரு துண்டுகளின் பொன்னிற விளிம்புகளையும் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, மீண்டும் செருகிச் சோதித்தோம். பழுது போகவில்லை. பிறகு பழைய துண்டை மட்டும் முதல் குழியில் செருகி, நீண்ட சோதனையை ஓடவிட்டு உறங்கச் சென்றோம். காலையில் பழுதில்லை என்றது. அதை எடுத்துவிட்டு, நாம் வாங்கிக் கொடுத்த துண்டை அதே குழியில் செருகினோம். பத்து நிமிடத்திற்குள் பழுது என்றது. குழி ஒன்றே, துண்டு மட்டுமே மாறியது. ஆகவே குற்றம் குழியினுடையது அன்று, நமது பரிசினுடையது.

நான்கு ஜி.பி. என்பது ஏறத்தாழ 3,436 கோடி நுண்ணறைகள் கொண்டது. அவற்றுள் ஒன்றிரண்டு பழுதானாலே போதும். அந்த அறையில் இன்று பாட்டின் ஒரு துளி தங்கலாம். நாளை அடிப்படை மென்பொருளின் கட்டளை ஒன்று தங்கலாம். எது தங்கியதோ அது சிதைகிறது. நீலத்திரையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணக்குறி வந்ததன் மருமம் இதுவே. விண்டோஸை எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும், ஓட்டைப் பானையில் புதுநீர் ஊற்றிய கதைதான்.

பழுதான துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குச் சென்றோம். பையன் சன்னலருகே அமர்ந்திருந்தான். வழியெல்லாம் பெரியோருக்குரிய ஒரு நீண்ட விளக்கத்தை நாம் மனத்தில் அடுக்கியிருந்தோம். அவனைக் கண்டதும் அது எதுவும் வாயில் வரவில்லை. "தம்பி, கணிப்பொறியைக் கெடுத்தது நீயல்ல. மாமா வாங்கிக் கொடுத்த இதுதான். விசாரிக்காமல் உன்மேல் பழி போட்டோம். மன்னித்துக்கொள்" என்றோம்.

அவன் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை மாமா" என்றான். அப்படிச் சொன்ன குரலில் இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. "அழிப்பதற்கு முன்னால் எதை எடுத்துவைக்கக் கேட்டாய்?" என்றோம்.

"பாப்பாவுக்கு வாய்ப்பாடு கேள்வி கேட்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தேன். தப்பாச் சொன்னா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கும். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் முடிச்சிருந்தேன்."

விளையாட்டைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நாம் எண்ணியது இதைத்தான். மூன்று மாத உழைப்பு. தங்கைக்காக ஓர் அண்ணன் செய்தது. நாம் ஒரே சொல்லில் அழித்துவிட்டோம். பழுதான துண்டுக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். அழிந்த அந்த நிரலை எந்தக் கடையில் வாங்குவது? அதை அவன் மீண்டும் எழுதவேயில்லை. மருமகள் அதற்குள் வாய்ப்பாட்டை வாய்ப்பாடாகவே மனனம் செய்துவிட்டாள்.

அன்று மாலையே தங்கையிடம் நம் ஆலோசனையைத் திரும்பப் பெற்றோம். "பையன் விரும்பும் பிரிவிலேயே சேர்த்துவிடு, வணிகவியல் என்று நாம் சொன்னது அவன் மேலிருந்த கோபத்தினால் சொன்னது" என்று ஒப்புக்கொண்டோம். அவ்வார வியாழக்கிழமை விண்ணப்பம் சென்றது. ஞாயிற்றுக்கிழமை கப்பல் கொழும்பை அடைந்தது. அன்று இரவு அவர்கள் ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினார்கள். பழைய துண்டோடு கணிப்பொறி மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் நிற்கவில்லை. தங்கை அடுப்படிக்குச் சென்று அந்த நாளுக்கு வட்டமிட்டதை நாம் பார்த்தோம்.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்துக் கணிப்பொறியும் இவ்வாறு நீலமாகவோ கருப்பாகவோ அடிக்கடி நின்றால், முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். அழித்துப் புதிதாக ஏற்றுவது கடைசி மருந்தே தவிர முதல் மருந்தன்று. திரையில் தோன்றும் குறியை நாளோடும் நேரத்தோடும் எழுதி வையுங்கள். அண்மையில் புதிதாகச் சேர்த்தது எதுவென்று எண்ணிப்பாருங்கள். சேர்த்தது கருவியாயினும் மென்பொருளாயினும் அதைத் தற்காலிகமாக விலக்கிப் பாருங்கள். பெட்டிக்குள் தூசி அடைத்து விசிறி சுழலாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். நினைவகத்தையும் வன்தட்டையும் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது.

இவ்வளவையும் செய்து முடிக்கும்வரை, வீட்டில் எவர் பெயரையும் குற்றப்பட்டியலில் எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டுமானால், உங்கள் பெயரையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

அந்தப் பழுதான துண்டு இன்றும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பையன் கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்டான். நம் கணிப்பொறியில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் அவனைத்தான் அழைக்கிறோம். அவன் நிதானமாக, மரியாதை குறையாத குரலில், எப்போதும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறான்: "மாமா, கடைசியாக நீங்க என்ன மாத்தினீங்க?"